ஆசிட் தொட்டியா, ஊறிவந்த தகடா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, புக்கிட் மிஞ்ஞாக், சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பட்டறைகளில் கறுப்புத் தகட்டை, அதாவது சூடாக உருட்டியதில் மேலே கருநீலத் தோல் படிந்த இரும்புத் தகட்டை வாங்கி, வெட்டி, மடித்து, வெல்டிங் அடித்து, பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கி ஒட்டவைப்பது) போட்டுக் கொடுப்பது அன்றாட வேலை. பெயின்ட் உரிந்து சாமான் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு யோசனை தலைதூக்கும்: அந்தத் தோலைக் கழற்ற நாமே ஒரு ஆசிட் தொட்டி வைத்துவிட்டால் என்ன? ஆசிட் மலிவு, தொட்டி பிளாஸ்டிக், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றும். ஆசிட் மலிவுதான். அலசும் தண்ணீர், செத்துப்போன ஆசிட்டை ஏற்றி அனுப்பும் கூலி, புகையால் துருப்பிடிக்கும் பக்கத்து மெஷின் ஆகிய மூன்றும்தான் காசைக் கரைக்கின்றன.

கணக்குப் போட்டுப் பேச ஓர் அளவு வேண்டும். நாளொன்றுக்கு 40 தகடு, 4 அடிக்கு 8 அடி, 3 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகடு 70 கிலோ. டன்னுக்கு 14 தகடு. இரு பக்கமும் சேர்த்துப் பரப்பு 6 சதுர மீட்டர். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கற்பனைப் பட்டறைக்கு. உங்கள் அளவு வேறு என்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

எதைக் கழற்றப் பார்க்கிறோம்

சூடாக உருட்டிய தகட்டின் மேல் வரும் கருநீலத் தோலைப் பட்டறையில் ஸ்கேல் என்பார்கள். அது ஒரே பொருள் அன்று, மூன்று அடுக்கு. இரும்பை ஒட்டிய அடியடுக்கு வூஸ்டைட், நடுவில் மேக்னடைட், மேலே மிக மெல்லிய ஹேமடைட். வூஸ்டைட் ஆசிட்டில் எளிதில் கரையும். மேலிரண்டும் பிடிவாதம். 570 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறும்போது வூஸ்டைட்டே பிரிந்து இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் மாறிவிடும். ஆகவே ஒரே கனம், ஒரே கிரேடு தகடு இரண்டு லோடில் இரண்டு விதமாக ஊறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. ஆலையில் தகட்டுச் சுருள் எந்தச் சூட்டில் சுற்றப்பட்டது, எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதன் விளைவு அது. சுருளின் இரண்டு ஓரத்துக்கும் காற்று அதிகம் படுவதால் அங்கே தோல் தடிப்பாக இருக்கும். தொட்டியில் கடைசியாக வெளுப்பதும் அந்த ஓரம்தான்.

ஆசிட் தோலின் மேலிருந்து கீழே தின்றுகொண்டு போவதில்லை. தோலிலுள்ள வெடிப்புகள் வழியே இறங்கி, அடியடுக்கைக் கரைத்து, மேலடுக்கைத் தூக்கிவிடுகிறது. லெவலர் ரோலரில் (தகட்டை நெளிவில்லாமல் நிமிர்த்தும் உருளையில்) ஓடிவந்த தகட்டில் வெடிப்பு ஏற்கெனவே விழுந்திருக்கும், சீக்கிரம் வேலை முடியும். ரோலர் பார்க்காத, பளபளவென்று நீலம் பாய்ந்த தடித்த பிளேட் அடம்பிடிக்கும்.

இந்தத் தோலை விட்டுவைத்து மேலே பெயின்ட் அடித்தால், பெயின்ட் தோலைக் கெட்டியாகத்தான் பிடித்துக்கொள்ளும். தோல்தான் இரும்பை விட்டுவிடும். மடிப்பில் வெடித்து, வெடிப்பில் ஈரம் புகுந்தால், தோல் ஒரு முனையாகவும் வெற்று இரும்பு மறுமுனையாகவும் நின்று ஒரு சிறிய பேட்டரி வேலை செய்யத் தொடங்கும்; இரும்பு கரையும், பெயின்ட் பொருக்காக எழும். கடற்காற்று அடிக்கும் பட்டர்வொர்த்தில் அதற்கு அதிக நாள் தேவைப்படாது.

அளவைப் பார்ப்போம். தோல் சுமார் 10 மைக்ரான் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிராம் சொச்சம். ஒரு தகட்டுக்கு 300 கிராம் தோல். அதில் இரும்பு 220 கிராம் போல. அடிஇரும்பும் கொஞ்சம் கரையும், கூட்டினால் தகட்டுக்கு 270 கிராம் இரும்பு தொட்டிக்குள் இறங்குகிறது. இந்த 270 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் இதுதான் வந்து நிற்கும்.

வழி ஒன்று: ஆலையிலேயே ஆசிட்டில் ஊறவைத்து எண்ணெய் பூசிய தகடு

கடையில் பி அண்ட் ஓ (பிக்கிள்டு அண்ட் ஆயில்டு) என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜப்பானியத் தர எண் ஜிஸ் ஜி 3131, கிரேடு எஸ்பிஎச்சி. அதே கிரேடு கறுப்பாகவும் வரும், ஊறவைத்தும் வரும், ஆர்டரில் எழுதாவிட்டால் கறுப்புதான் வந்து இறங்கும். மெல்லிய வேலைக்குக் குளிர் உருட்டிய எஸ்பிசிசியும் இருக்கிறது. அதில் ஸ்கேல் பிரச்சினையே இல்லை.

ஆலையின் வரிசை ஓட்டத்தில் 80 முதல் 90 டிகிரி சூட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சுருள் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆசிட் ஒழுங்காக அளக்கப்படும், கரைந்த இரும்பிலிருந்து ஆசிட்டைத் திரும்ப எடுக்கும் ஆலைகளும் உண்டு. ஒரு பட்டறைத் தொட்டி அந்தச் சீரை எட்டவே முடியாது.

கறுப்புக்கும் பி அண்ட் ஓவுக்கும் டன்னுக்கு எத்தனை ரிங்கிட் வித்தியாசம் என்று மூன்று கடையில் கேளுங்கள். அதை 14ஆல் வகுத்தால் ஒரு தகட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு கையில் வந்துவிடும். சொந்தத் தொட்டியில் ஒரு தகடு விழுங்கும் கணக்கை அதோடு வைத்துப் பார்க்கலாம், கீழே வருகிறது.

சரக்கு வந்து இறங்கும்போது வெள்ளைத் துணியால் ஒரு துடைப்புத் துடையுங்கள். மஞ்சள் எண்ணெய் மட்டும் வந்தால் சரி. கறுப்புப் பொடி நிறைய ஒட்டினால் ஆலையில் அலசல் போதவில்லை. கட்டின் நடுத் தகட்டைக் கட்டாயம் பாருங்கள். மேல் தகடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். லோரியில் மழை நனைந்த கட்டைப் பிரிக்காமல் வைத்தால், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் நின்று வரைபடம் போலக் கறை விழும், அது எண்ணெய் எடுக்கும் எந்த டிகிரீசரிலும் போகாது. தரையில் நேரே போடாமல் கட்டை மேல் வைக்க வேண்டும். எண்ணெய் மெல்ல வடிந்துவிடும் என்பதால் மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் பட்டறைக்கு இது ஏற்ற சரக்கு இல்லை.

இதோடு கதை முடிந்தது என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. பி அண்ட் ஓ தகட்டை வாங்கி ஆக்சிஜன் லேசரில் வெட்டுகிறீர்கள். வெட்டிய ஓரம் முழுக்க, நீங்களே புதிதாக ஒரு தோலை உண்டாக்கிவிட்டீர்கள். தகட்டின் முகம் சுத்தம், ஓரத்தில் மட்டும் மெல்லிய, பளபளப்பான கருப்பு ஏடு. பவுடர் அதன்மேல் அழகாக உட்காரும். கட்டர் கத்தி நுனியால் ஓரத்தை ஒரு கீறல் கீறினால் பட்டை பட்டையாக, நாடா உரிவதுபோல உரியும்; உரிந்த பவுடரைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் கருப்பு ஏடு ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் சாமானில் பழி பவுடர் மேல் விழுகிறது. குற்றவாளி வெட்டும்போது ஊதும் ஆக்சிஜன். நைட்ரஜனில் வெட்டினால் ஓரம் வெள்ளையாக வரும், காஸ் செலவு கூடும். ஆக்சிஜனில்தான் வெட்டுவேன் என்றால் ஓரத்தைத் தேய்த்து எடுக்கும் பிரஷ் டிபரிங் மெஷினில் விட வேண்டும், அல்லது வெட்டிய பின் ஆசிட் பார்க்க வேண்டும். வெல்டிங் ஓரத்து நீலத்துக்கும் இதே கதிதான்.

வழி இரண்டு: ஹைட்ரோகுளோரிக் தொட்டி

சொந்தத் தொட்டிதான் என்று முடிவெடுத்தால் இந்த நாட்டு வெயிலுக்கு இதுதான் பொருந்தும். சூடாக்க வேண்டாம். பட்டறை மதியத்தில் தொட்டி தானாகவே 32, 33 டிகிரியில் நிற்கும். 15 விழுக்காட்டுப் புது ஆசிட்டில் எஸ்பிஎச்சி தகடு 10 முதல் 20 நிமிடத்தில் வெளுக்கும்.

கடையில் வரும் ஆசிட் 32 விழுக்காடு, அடர்த்தி 1.16. 100 லிட்டர் 15 விழுக்காட்டுக் கரைசலுக்கு 57 லிட்டர் தண்ணீர், 43 லிட்டர் ஆசிட். தண்ணீர் முதலில், ஆசிட் பிறகு. டிரம்மில் எழுதி ஒட்டும்போது மலாயில் "ஆயெர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரோமன் எழுத்தில் அதைப் பார்க்கும் புது வேலையாள் ஆங்கிலத்தில் காற்று என்று படிப்பார். படமும் நிறமும் சேர்த்து ஒட்டுவது நல்லது. 18, 20 விழுக்காடு போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், புகை பல மடங்கு கூடும். இங்கே 15தான் மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டை நட்டுக்குத்தாக இறக்க உள்ளளவு 2.8 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் வேண்டும். 1.3 மீட்டர் மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய 3,000 லிட்டர். பொருள் பாலிப்ரொப்பிலீன், அல்லது ஃபைபர், அல்லது ரப்பர் பூசிய இரும்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. 316ஆக இருந்தாலும் குளோரைடு அதை ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். தொங்கவிடும் கொக்கிக்குச் சாதாரண இரும்பே போதும், தேயும் பொருள் என்று கணக்கில் எழுதிவிட்டு மாதந்தோறும் தடிப்பைப் பாருங்கள். தேய்ந்த கொக்கியிலிருந்து 70 கிலோ தகடு ஆசிட்டுக்குள் விழுந்தால் தெறிப்பது யார் முகத்தில் என்று யோசித்தால் போதும். தொட்டியைச் சுற்றிலும் முழுக் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்கும் தடுப்புச் சுவர், விளிம்பில் புகை உறிஞ்சும் வாய், புகையைக் கழுவ காஸ்டிக் ஸ்கிரப்பர், பத்தடிக்குள் கண் கழுவும் குழாய். இவற்றை விட்டுவிட்டுத் தொட்டி விலை மட்டும் பேசுகிறவரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டாம்.

ஆசிட்டுக்கு முன் எண்ணெய் எடுக்க வேண்டும். ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, பெயின்டையும் வெல்டிங் சிலாக்கையும் (வெல்டிங் மேல் படியும் கண்ணாடி போன்ற கசடு) கரைக்காது. காரக் குளியல் 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம், பிறகு அலசல். தகட்டைத் தூக்கும்போது தண்ணீர் ஒரே ஏடாக வழிந்தால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாகப் பிரிந்தால் திரும்ப இறக்குங்கள். கைரேகை வடிவில் கருப்புத் திட்டு நின்றால் அது ஆசிட் குறைவால் அன்று, எண்ணெயால்.

இன்ஹிபிட்டர் என்ற தடுப்பு மருந்து இல்லாமல் இறக்காதீர்கள். சப்ளையர் தாளில் உள்ள அளவு, பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்கு. தோல் கரையும் வேகத்தை அது குறைப்பதில்லை. வெளுத்த இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு ஆசிட்டைத் தடுக்கிறது. தகடு முழுக்க வெளுத்த பிறகும் தொட்டி குபுகுபுவென்று நுரைத்தால் இன்ஹிபிட்டர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் குமிழி ஹைட்ரஜன். தொட்டிப் பக்கம் வெல்டிங்கும் கிரைண்டரும் வேண்டாம்.

தகட்டுக்குத் தகடு ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு தகட்டின் நடுவில் ஆசிட் நகராது, பெரிய நிலாவாகக் கருப்பு நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி இறக்குவது நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும்.

எப்போது எடுப்பது? எல்லா இடமும் ஒரே வெளிர்சாம்பலாக வந்த உடனே. இன்னும் ஐந்து நிமிடம் கிடக்கட்டும் என்று விடுவதுதான் சொரசொரப்புக்கும் கருப்புப் பொடிக்கும் காரணம். அந்தப் பொடி இரும்பிலிருந்த கார்பன். இரும்பு கரைந்து போக அது மட்டும் மேலே தங்குகிறது. பவுடருக்கு அடியில் அது இருந்தால் ஸ்கேல் இருந்ததைவிட மோசம். செந்துரு பிடித்த பழைய தகட்டை இதே தொட்டியில் நிறையப் போட்டால் துரு கரைந்து வரும் ஃபெரிக் உப்பு ஏறி, அது தனியாக இரும்பைக் கடிக்கத் தொடங்கும். துருவுக்கும் ஸ்கேலுக்கும் ஒரே தொட்டி என்பது சிக்கனம் போலத் தெரியும் சேதாரம்.

தொட்டியின் உயிரை, கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆசிட் குறையக் குறைய இரும்பு ஏறும். இரும்பு உப்பின் கனம் ஆசிட் குறைந்ததை மறைத்துவிடும், செத்த தொட்டி மீட்டரில் நல்ல தொட்டியைவிடக் கனமாகக் காட்டும். வழி எளிது: தொட்டியிலிருந்து 10 மில்லி, 100 மில்லி தண்ணீர், நிறம் மாறிக் காட்டும் மெத்தில் ஆரஞ்சு இரண்டு துளி; இதில் 1 நார்மல் (1N) அடர்த்திக் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிவப்பு மஞ்சளாகும் வரை போன மில்லியை 3.65ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் ஆசிட் என்று வரும். புதிதில் 160 கிராம், அதாவது 44 மில்லி போகும். 60 கிராமுக்கு, அதாவது 16, 17 மில்லிக்கு இறங்கினால் நேரம் இரட்டிப்பாகிவிடும். அப்போது மாற்றுவதா, ஆசிட் சேர்த்து இன்னும் ஓட்டுவதா என்று பார்க்கலாம். கரைந்த இரும்பு லிட்டருக்கு 100 கிராம் தாண்டிய பிறகு சேர்ப்பதில் பயன் குறைவு.

இப்போது அந்த 270. ஒரு கிராம் இரும்பு 1.3 கிராம் ஆசிட்டைத் தின்னும். ஒரு தகடு 350 கிராம். 32 விழுக்காட்டு ஆசிட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். 160இலிருந்து 60க்கு இறங்கும்வரை ஒரு லிட்டர் தொட்டி 76 கிராம் இரும்பு தாங்கும். 3,000 லிட்டர் என்றால் 840 தகடு. நாளுக்கு 40 வீதம் 21 வேலைநாள். மாதம் ஒரு தொட்டி செத்த ஆசிட், மூன்றரை டன். தகட்டுக்கு 3.6 லிட்டர் கழிவு. ஒரு லிட்டர் வாங்கி மூன்றரை லிட்டரைக் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். தொட்டி வைக்கும் யோசனை பெரும்பாலும் இந்த வரியில்தான் முடிகிறது.

தண்ணீர்

தகட்டோடு வெளியே வரும் ஆசிட், சொட்ட நேரம் கொடுத்தாலும் சதுர மீட்டருக்கு 100 மில்லி. தகட்டுக்கு 0.6 லிட்டர், நாளுக்கு 24 லிட்டர். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய ஒரே அலசு தொட்டி என்றால் நாளுக்கு 24,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது வழிந்து முதல் தொட்டிக்கு வரும்படி எதிர்த் திசையில் ஓட்டினால் 770 லிட்டர் போதும். 24,000 எங்கே, 770 எங்கே! இரண்டாவது அலசு தொட்டிக்கு இடமில்லை என்று சொல்லும் பட்டறை ஆசிட் தொட்டிக்கே இடமில்லாத பட்டறை.

ஆனால் அந்த 770 லிட்டரைச் சாக்கடையில் விட முடியாது. மாதக் கடைசியில் தொட்டியில் லிட்டருக்கு 76 கிராம் இரும்பு இருக்கும்போது, வழியும் தண்ணீரில் லிட்டருக்கு 2,300 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கும். 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதியில் அனுமதி தரம் பி என்றால் 5 மில்லிகிராம், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆற்றுப் பகுதிக்குத் தரம் ஏ, 1 மில்லிகிராம். பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் இந்த விதியின் நியாயம் புரியும். சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு பிஎச் 8.5க்கு மேல் கொண்டுவந்து, காற்று ஊதி, பச்சைச் சேறு பழுப்பாக மாறிய பிறகு படியவைக்க வேண்டும். காற்று ஊதாமல் பிஎச் 7இல் நிறுத்தினால் தண்ணீர் தெளிவாக வெளியேறும். மறுநாள் காலை வாய்க்கால் முழுக்கச் செம்மண் நிறம்.

அலசிய பின் சோடா சாம்பல் ஒன்று இரண்டு விழுக்காட்டுச் சூட்டுக் கரைசலில் முக்கி, உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு டீ குடிக்கப் போய்வந்தால் மஞ்சள் பூத்துவிடும். அலசு தொட்டிக்கும் அலசு தொட்டிக்கும் நடுவே தகடு தொங்கும் நேரம்தான் மஞ்சளுக்குப் பிறப்பிடம். கிரேன் ஒன்றே என்றால் ஒருவர் ஹோஸ் பைப்பால் நனைத்துக்கொண்டே இருக்கட்டும்.

வழி மூன்று: சல்ஃபியூரிக்

காகிதத்தில் இது கவர்ச்சியாகத் தெரியும். 98 விழுக்காடாக வருவதால் 100 லிட்டர் 12 விழுக்காட்டுத் தொட்டிக்கு 7 லிட்டர் சொச்சம் ஆசிட் போதும். ஹைட்ரோகுளோரிக் போலப் புகை வராது. ஆனால் அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும். 60 முதல் 80 டிகிரி வேண்டும். 3,000 லிட்டரை 30இலிருந்து 70க்கு ஏற்ற மட்டும் 140 யூனிட் மின்சாரம் அருகில். தண்ணீரில் ஆசிட்டை மெல்ல ஊற்றாமல் மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், இதில் அந்த ஆபத்து ஹைட்ரோகுளோரிக்கைவிடப் பன்மடங்கு.

இது தோலைக் கரைப்பதைவிட அடிஇரும்பைக் கரைத்து, ஹைட்ரஜனால் தோலைத் தள்ளிக் கழற்றும் வகை. தொட்டி அடியில் செதில் குவியும், இரும்புச் சேதம் கூட, முகம் கருமை. இரும்பு லிட்டருக்கு 60, 80 கிராம் சேர்ந்த நிலையில் சனி மாலை ஹீட்டரை நிறுத்திவிட்டுப் போனால் திங்கள் காலை ஹீட்டர் குழாய் முழுக்கப் பச்சைப் படிகம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்பது அதே சரக்குதான். 1960களில் பெரிய ஆலைகளே சல்ஃபியூரிக்கை விட்டு ஹைட்ரோகுளோரிக்குக்கு மாறத் தொடங்கின. கொதிகலன் நீராவி சும்மா கிடைக்கும் இடம், தடித்த கம்பி, தடித்த பிளேட் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பாஸ்போரிக், சிட்ரிக்

ஸ்கேல் எடுக்க இவை வேண்டாம். பாஸ்போரிக் மெதுவானது, விலை அதிகம். லேசான செந்துருவுக்கும் அலசலுக்குப் பின் பூத்த மஞ்சளுக்கும் 10, 15 விழுக்காட்டில் துடைத்தால் மெல்லிய சாம்பல் பாஸ்பேட் ஏடு விட்டுப்போகும், பெயின்டுக்கு நல்லது. துடைத்ததை அலசாமல் அடுப்பில் ஏற்றினால் பவுடரில் கொப்புளம். சிட்ரிக் துருவுக்குச் சாது, ஸ்கேலிடம் தோற்கும்.

வழி நான்கு: பிளாஸ்டிங்

அழுத்தக் காற்றிலோ சக்கரத்திலோ இரும்புக் குண்டு, கிரிட் (கூரான துகள்) வீசி அடித்துத் தோலை உடைப்பது இது. கழிவு ஆசிட் இல்லை, அலசல் இல்லை. தடித்த பிளேட்டுக்கும், வெல்டிங் முடித்த சட்டங்களுக்கும் இதற்கு நிகரில்லை. ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் எஸ்ஏ 2.5 என்ற சுத்த அளவை எழுதிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று இரு தரப்புக்கும் தெரியும். 3 மி.மீ. தகட்டை மட்டும் அதன் வாயில் கொடுக்காதீர்கள். ஒரு முகத்தைக் குண்டுகள் அடித்து நீட்ட, தகடு அப்பளம் போல வளைந்து வரும். கிரிட் உண்டாக்கும் மேடுபள்ளம் 50, 60 மைக்ரான் என்றால் 70 மைக்ரான் பவுடர் மேட்டின் நுனியை மூடாது. நுனி நுனியாகத் துரு எழும். பவுடருக்கு நுண்ணிய கிரிட் கேளுங்கள்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். 30 டிகிரி, ஈரப்பதம் 80 என்ற சாதாரண பினாங்கு நாளில் பனிப்புள்ளி 26. இரும்பு 29க்குக் கீழே இருந்தால் பெயின்ட் வேண்டாம். காலை எட்டு மணிக்கு நிழலில் கிடந்த பிளேட் அதற்குக் கீழேதான் இருக்கும்.

ஆசிட்டா பிளாஸ்டிங்கா என்ற கேள்விக்கு ஒரு வகைச் சாமானில் விவாதமே இல்லை: ஒன்றின்மேல் ஒன்று வைத்து விளிம்பில் வெல்டிங் அடித்த மூட்டுகள், மூடிய பெட்டிக் குழாய்கள். மூட்டுக்குள் புகுந்த ஆசிட்டை எந்த அலசலும் எடுக்காது. பவுடர் அடுப்பில் கொதித்து வெளியே வரும், அல்லது வாடிக்கையாளர் வீட்டில் ஆறு மாதம் கழித்துத் துருக்கோடாக அழும். அவற்றுக்கு பிளாஸ்டிங். அதே போல 10.9, 12.9 என்று குறியிட்ட அதிக வலு போல்ட், ஸ்பிரிங், கடினப்படுத்திய எதுவும் ஆசிட்டுக்குள் போகக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, சுமை ஏற்றிய பிறகு முன்னறிவிப்பின்றி முறியும். எஸ்பிஎச்சி போன்ற மெத்தென்ற இரும்புக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை.

சட்டமும் அண்டை மெஷினும்

செத்த ஆசிட் மலேசியாவில் அட்டவணைக் கழிவு. 2005ஆம் ஆண்டு விதிகளில் அதன் குறியீடு எஸ்டபிள்யூ 206. உண்டான 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், இடத்தில் வைப்பது 180 நாள் அல்லது 20 டன், எது முதலில் வருகிறதோ அதுவரை. அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரரின் லோரியில்தான் ஏற்றலாம். 2019இல் பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம்மில் யாரோ கொட்டிய ரசாயனம் பள்ளிப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகு, இதில் விளையாட்டில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஹைட்ரஜன் குளோரைடு புகைக்கு வேலையிடத்தில் எந்த நொடியும் தாண்டக் கூடாத வரம்பு 5 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5 பங்கு). ரசாயன ஆபத்து மதிப்பீடு, உறிஞ்சு குழாய்ச் சோதனை எல்லாம் சேர்ந்தே வரும்.

புகை சட்டத்துக்கு மட்டும் பகை இல்லை. தொட்டியும் லேசரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், முதலில் கூரைத் தகட்டின் ஆணிகள் சிவக்கும், அடுத்துப் போர்க்லிப்ட் சங்கிலி, அதற்கடுத்து லேசரின் கன்ட்ரோல் பெட்டி. தனிக் கொட்டகை, காற்று பட்டறைக்கு எதிர்ப்புறம் போகும் திசை, இவை இல்லாமல் தொட்டி வைப்பவர் லேசருக்கும் சேர்த்து ஆசிட் போடுகிறார்.

எந்தப் பட்டறைக்கு எது

3 மி.மீ. வரை, பவுடர் கோட்டிங் வேலை: பி அண்ட் ஓ அல்லது எஸ்பிசிசி வாங்கி, நைட்ரஜனில் வெட்டுங்கள். டன் விலை வித்தியாசம் எவ்வளவு உறுத்தினாலும் ஒரு லிட்டர் ஆசிட், 3.6 லிட்டர் கழிவு, 19 லிட்டர் அலசு தண்ணீர், இரண்டு தரம் தூக்கி இறக்கும் கூலி ஆகியவற்றை எதிரே வைத்துப் பாருங்கள். எங்கள் கணிப்பில் நாளுக்கு 40 தகட்டுப் பட்டறையில் தொட்டி ஜெயிப்பதில்லை.

6 மி.மீ.க்கு மேல், சட்டம், தாங்கி: கறுப்பு வாங்கி, வெல்டிங் முடித்து, பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள்.

இடைப்பட்ட 4, 5 மி.மீ. சாமான், ஆக்சிஜன் வெட்டு, திறந்த வடிவம், மூட்டு இல்லை என்றால் வெளியே ஆசிட் போட்டுக் கொடுக்கும் இடம் சரி. அனுப்பும் முன் மூன்று கேள்வி: அலசு தொட்டி எத்தனை, இன்ஹிபிட்டர் உண்டா, எடுத்த பின் எண்ணெய் பூசித் தருவார்களா? எத்தனை மணிக்குத் தூக்குவார்கள் என்று கேட்டு, அன்றே பவுடர் அடுப்பு காலியாக இருக்கும்படி பாருங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போனால் பாதிப் பணம் வீண்.

கால்வனைசிங்குக்குப் போகும் கேட், கிரேட்டிங் என்றால் எதையும் செய்யாதீர்கள். அந்த ஆலை தன் ஆசிட்டில் போட்டுத்தான் துத்தநாகத்தில் முக்கும். நீங்கள் முன்கூட்டி ஆசிட் போட்டு அனுப்பினால் ஒரே தோலுக்கு இரண்டு கூலி. அவர்கள் ஆசிட் எடுக்காத மூன்றை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்: பெயின்ட் குறி, வெல்டிங் சிலாக்கு, கிரீஸ். குழாய் என்றால் இரு முனையிலும் காற்றோட்டத் துளை போட்டாயிற்றா என்று ஏற்றும் முன் ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். 450 டிகிரித் துத்தநாகத்தில் மூடிய குழாயினுள் கொஞ்சம் ஆசிட் தண்ணீர் மிச்சமிருந்தால் குழாய் வெடிக்கும்.